தொகுதி மாறிய வீடு

போன நவம்பரில் பி.எல்.ஓ. எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் உள்ளே லேப்டாப்பில் இருந்தேன். வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துக்கான படிவங்களோடு வந்திருந்தார் அந்தப் பெண். முகத்தில் களைப்பு. கையில் ஒரு தெருவுக்கான கட்டு. எங்கள் வீட்டுக்கு மூன்று பேருக்கும் இரண்டிரண்டு படிகள், ஆக ஆறு தாள்கள்.

"ஐயா இருக்காங்களாம்மா?"

"வெளிய போயிருக்காரு" என்றாள் அம்மா.

"சரிம்மா. வந்ததும் கையெழுத்து வாங்கி வைங்க. நாலஞ்சு நாள்ல வந்து வாங்கிக்கிறேன்."

அப்பா இறந்து நாலரை வருடம் ஆகிறது. 2021 மே, இரண்டாம் அலை. அந்த ஏப்ரல் 6ஆம் தேதி சட்டமன்றத் தேர்தலில் பூத்தில் கொடுத்த பிளாஸ்டிக் கையுறையை மாட்டிக்கொண்டு ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர். அவர் இடது ஆள்காட்டி விரல் நகத்தில் மை அப்போதும் முழுதாகப் போயிருக்கவில்லை. அதை நான் பார்த்தேன். மற்ற பலதையும் பார்க்க விடவில்லை.

அம்மா உள்ளே வந்து படிவங்களை டி.வி. ஸ்டாண்டின் மேல் வைத்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவளும் எதுவும் சொல்லவில்லை. மேலே இருந்த படிவத்தில் அப்பாவின் பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம், மீசையோடு.

இது ஒன்றும் புதிதில்லை. 2022 பிப்ரவரியில் மாநகராட்சித் தேர்தல் வந்தபோதும், 2024 ஏப்ரலில் மக்களவைத் தேர்தல் வந்தபோதும் அவர் பெயருக்கு பூத் சிலிப் வந்தது. இரண்டையும் அம்மா வாங்கி, பஞ்சாங்கம் மாட்டும் ஆணியில் குத்தி வைத்தாள். பெயரை நீக்க ஃபாரம் 7 என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அரசாங்கக் காகிதத்தில் ஒரே ஒரு இடத்தில் அவர் உயிரோடு இருந்தார். அதை என் கையெழுத்தால் முடித்துவைக்க மனசு வரவில்லை.

படிவத்தை நிரப்புவது நினைத்ததைப் போலச் சுலபமாக இல்லை. இருபது வருடங்களுக்கு முந்தைய தீவிரத் திருத்தப் பட்டியலில் உங்கள் பெயர் எங்கே இருந்தது, எந்தத் தொகுதி, எந்தப் பாகம், வரிசை எண் என்ன என்று கேட்கிறது. அப்போது எனக்கு ஓட்டு வயசு இல்லை. அதனால் என் படிவத்தில் அப்பா அல்லது அம்மாவின் பழைய விவரம் வேண்டும். ஆக, வீட்டில் மூன்று பேருக்கும் திறவுகோல் ஒன்றுதான்: பழைய பட்டியலில் எங்கள் வீடு.

எங்கள் வீடு எங்கே இருந்தது? இதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை நீள்கிறது.

நாங்கள் சிட்லபாக்கத்துக்கு வந்தது 1994இல். அதற்கு முன்பு மாம்பலத்தில் ஒண்டுக் குடித்தனம். எனக்கு இரண்டு வயசு. அன்றிலிருந்து அதே தெரு, அதே வீடு. மாடி மட்டும் பிறகு எழும்பியது. ஆனால் கடிதங்களில் மாவட்டத்தின் பெயர் இரண்டு முறை மாறியது. வந்த புதிதில் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். 1997இல் அது இரண்டாகப் பிரிந்து நாங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்கள் ஆனோம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு. பேரூராட்சியாக இருந்தது 2021இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் போனது. மாறாதது பின்கோடு மட்டும்: 600064. அதன் முதல் மூன்று இலக்கம் சென்னையைச் சொல்வதில் அப்பாவுக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அப்பாவிடம் ஒரு நோட்டு இருந்தது. பல்லாவரம் பக்கம் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸில் இருந்தவர், எதையும் கட்டம் போட்டு எழுதுவார். பால் கணக்கு, கேஸ் சிலிண்டர் தேதி, மோட்டார் ரிப்பேர். அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து தலைகீழாக ஓட்டுக் கணக்கு. வருடம், தொகுதி, பூத், வரிசையில் நின்ற நேரம். யாருக்குப் போட்டார் என்று எங்கேயும் இல்லை. அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. பழைய பட்டியலைத் தேட நான் முதலில் எடுத்தது அந்த நோட்டைத்தான்.

முதல் வரி 1984 டிசம்பர், தென் சென்னை. அப்போது ஓட்டுரிமை வயசு 21, அப்பாவுக்கு 24. எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் மருத்துவமனையில் படுத்திருந்த, இந்திரா காந்தி கொல்லப்பட்டு இரண்டு மாதமே ஆகியிருந்த தேர்தல். தென் சென்னையில் காங்கிரஸ் வேட்பாளர் வைஜெயந்திமாலா. எதிரே நின்றவர் ஜனதாவின் இரா. செழியன், நாடாளுமன்றத்தில் பெயர் வாங்கிய பேச்சாளர். வைஜெயந்திமாலா ஜெயித்தார். பாட்டி இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' போட்டி நடனத்துக்குப் போய்விடுவாள். செழியன் அவள் கதையில் வரவே மாட்டார்.

தென் சென்னை ஒரு வினோதமான தொகுதி. 1957இல் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 1962இல் நாஞ்சில் மனோகரன். 1967இல் அண்ணா இங்கே நின்று மக்களவைக்கு ஜெயித்தார். ஆனால் தமிழகத்தில் ஆட்சியே கைக்கு வந்துவிட்டதால் முதலமைச்சர் ஆகிவிட்டார். காலியான இடத்துக்கு முரசொலி மாறன் வந்தார். 1977, 1980இல் ஆர். வெங்கட்ராமன், பிற்பாடு குடியரசுத் தலைவர். இப்படி ஒரு பட்டியலின் அடியில் தன் ஓட்டும் இருக்கிறது என்பது அப்பாவுக்குப் பெருமை. சிட்லபாக்கத்தில் மனை வாங்கியபோது சொந்தக்காரர்கள் "என்னடா, செங்கல்பட்டு ஜில்லாவுக்கே போயிட்ட" என்று கிண்டலடித்திருக்கிறார்கள். அப்போதும் அவரிடம் பதில் இருந்தது. 1977 முதல் தாம்பரம் தனிச் சட்டமன்றத் தொகுதி. அது மக்களவைக்குத் தென் சென்னையில்தான் இருந்தது. "ஜில்லாதான் வேற. எம்.பி. மெட்ராஸ் எம்.பி.தான்." தாம்பரத்தின் முதல் எம்.எல்.ஏ. முனு ஆதி சட்டப்பேரவைத் தலைவராக இருந்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்வார். குளோரின் வாசம் வராத தண்ணி, வாசல்ல தென்னை, மெட்ராஸ் எம்.பி. இதுக்கு மேல என்ன வேணும் என்கிற மாதிரி.

நோட்டில் 1996, 1998, 1999, 2004. நான்கு முறையும் 'தென் சென்னை'. நான்கு முறையும் ஜெயித்தவர் டி.ஆர். பாலு. 1998க்கும் 1999க்கும் நடுவே அப்பா ஒரு சின்ன ஆச்சரியக்குறி போட்டிருக்கிறார். ஒரே ஓட்டில் வாஜ்பாய் அரசு கவிழ்ந்த வருஷம்.

2009 வரியில் பேனா அழுத்தமாக விழுந்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர்.

எனக்கு அது நினைவிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தேன். குல்தீப் சிங் ஆணையம் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து நாடு முழுக்க எல்லைகளைத் திருத்தி வரைந்திருந்தது. அதில் தாம்பரத்தை வெட்டி எடுத்து ஸ்ரீபெரும்புதூரில் ஒட்டியிருந்தார்கள். மதுரவாயல், அம்பத்தூர், ஆலந்தூர், ஸ்ரீபெரும்புதூர், பல்லாவரம், தாம்பரம். இந்த ஆறும் சேர்ந்து ஒரு தொகுதி. அப்பா செய்தித்தாளில் வந்த வரைபடத்தைக் கத்தரித்து வைத்திருந்தார். வடக்கே அம்பத்தூரில் ஆரம்பித்துச் சென்னையின் தோளில் சால்வை மாதிரி சரிந்து தெற்கே தாம்பரத்தில் முடிகிறது. பெயர் மட்டும் மேற்கே, இங்கிருந்து பஸ் மாறிப் போக வேண்டிய ஒரு ஊருடையது.

"ராஜீவ் காந்தி செத்த ஊரா?" என்றாள் அம்மா.

அந்த ஊர்தான். 1991 மே 21 இரவு அவர் அங்கே வந்தது தொகுதியின் காங்கிரஸ் வேட்பாளர் மரகதம் சந்திரசேகருக்கு ஓட்டுக் கேட்க. நாம் அந்த இரவைப் பற்றிப் பேசும்போது அவர் பெயர் அநேகமாக வருவதில்லை. நேருவின் ஆட்சியிலேயே துணை அமைச்சராக இருந்தவர். 1984, 1989, 1991 என்று மூன்று முறை தொடர்ந்து அங்கிருந்து மக்களவைக்குப் போனவர். அன்று ஸ்ரீபெரும்புதூர் தனித் தொகுதி. தலித் ஒருவர்தான் அங்கிருந்து போக முடியும். 1967இல் உருவானதிலிருந்து அப்படித்தான். எங்களைக் கொண்டுபோய் அதில் ஒட்டிய அதே 2008 உத்தரவில்தான் அது பொதுத் தொகுதி ஆனது. காஞ்சிபுரம் தனித் தொகுதியாக மீண்டும் வந்தது. நாங்கள் ஏதோ கிராமத் தொகுதிக்குத் துரத்தப்பட்ட மாதிரி அப்பாவும் தெருவில் மற்றவர்களும் புலம்பினார்கள். நானும்தான். இந்தப் பக்கத்திலிருந்து யோசிக்க எனக்கு ரொம்ப வருடம் பிடித்தது: நாற்பது வருடமாக அந்த ஊர்க்காரர்களுக்கு இருந்த ஒரு பெயர்ப்பலகையின் கீழே, புறநகரின் லட்சக்கணக்கான பேர் வந்து உட்கார்ந்துகொண்டோம். இன்று அந்தத் தொகுதியில் ஸ்ரீபெரும்புதூர் ஆறில் ஒன்று. யார் யாரை விழுங்கியது என்பது அவ்வளவு தெளிவாக இல்லை.

வேடிக்கை என்னவென்றால் 2009 முடிவு வந்தபோது அங்கே ஜெயித்தவரும் டி.ஆர். பாலுதான். தென் சென்னையிலிருந்து எங்களை வெட்டினார்கள். அவரும் எங்களோடு வந்துவிட்டார். "ஊர் பேரு மாறிடுச்சு, ஆளு மாறல" என்று அப்பா சிரித்தார். 2014இல் அவர் தஞ்சாவூருக்குப் போய்த் தோற்க, இங்கே அ.தி.மு.க.வின் கே.என். இராமச்சந்திரன் வந்தார். 2019இலும் 2024இலும் மறுபடி பாலு. ஆக, எங்கள் வீட்டுக்கு 1996 முதல் இன்றுவரை, நடுவே ஐந்து வருடம் தவிர, ஒரே எம்.பி. உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலைக்குப் பெயர் எழுத, முந்தைய மூன்று வருடத்தில் வாரியத்தில் இருந்தவர் கூடாது என்று ஒரு விதி உண்டு. கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் கூடாது என்று இன்னொன்று. பத்தாம் நூற்றாண்டு, பராந்தகன் காலம். அந்தப் பானைக்குள் பெண்ணின் பெயரும் நிலமில்லாதவரின் பெயரும் விழ முடியாது என்பதால் எனக்கு அதன் மேல் பெரிய மயக்கம் கிடையாது. ஆனாலும் அந்த மூன்று வருட விதி பிடிக்கும்.

நோட்டில் 2014ஆம் வருடப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு வகுத்தல் கணக்கு இருக்கிறது. எம்.பி.யின் தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 5 கோடி. அதைத் தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கையால் வகுத்திருக்கிறார். 2024 கணக்குப்படி நான் அதைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஸ்ரீபெரும்புதூரில் சுமார் 23.8 லட்சம் வாக்காளர்கள், தமிழ்நாட்டிலேயே அதிகம். தலைக்கு 21 ரூபாய். மிகக் குறைவாக இருக்கும் நாகப்பட்டினத்தில் 13.4 லட்சத்துச் சொச்சம். தலைக்கு 37 ரூபாய். பணம் முக்கியமில்லை. மக்களவையில் நாகப்பட்டினத்துக்காரர் ஒருவருக்கு இருக்கும் எடையில் எனக்கு இருப்பது பாதியைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் இதைவிட மோசமாக இருந்திருக்கிறது. ஓல்டு சாரம் என்று ஒரு மேடு. ஊர் காலியாகி நூற்றாண்டுகள் ஆன பிறகும் அதற்கு இரண்டு எம்.பி.க்கள். வாக்காளர்கள் ஒரு டஜன்கூட இல்லை. பிற்காலத்தில் பிரதமரான மூத்த பிட் முதலில் நாடாளுமன்றம் போனது அங்கிருந்துதான். அதே காலத்தில் ஆலைகள் பெருகி ஜனம் நெரிந்த மான்செஸ்டருக்குத் தனியாக ஒரு எம்.பி.கூடக் கிடையாது. 1832இல்தான் சரிசெய்தார்கள். ஆள் இருக்கும் இடத்துக்கு நாற்காலி நகர மறுப்பதும், நாற்காலி இருக்கும் இடத்தில் ஆள் தீர்ந்துபோவதும் அங்கேயிருந்து வந்த வியாதிதான் போல.

இந்த வாதத்தை நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், 2025 மார்ச் வரை. அப்போது தமிழ்நாடே தொகுதி மறுவரையறையைப் பற்றிப் பேசத் தொடங்கியது. அனைத்துக் கட்சிக் கூட்டம், பிறகு சென்னையில் பிற மாநிலத் தலைவர்களோடு கூட்டம். மக்கள்தொகைப்படி இடங்களைப் பகிர்ந்தால், குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் நஷ்டப்படும் என்பது வாதம். இது கற்பனைப் பயமும் இல்லை. 1962இல் நமக்கு மக்களவையில் 41 இடம்; 1967இல் 39. அந்த இரண்டு இடம் போனதற்கு நஷ்ட ஈடாக 5,600 கோடி கொடுத்தால் என்ன என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கேட்டது. 1976இல் 42ஆவது திருத்தம் மாநிலங்களுக்கான இடங்களை உறையவைத்தது. 2001இல் அந்த உறைநிலையை, 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தார்கள். கணக்கெடுப்பு 2027க்கு அறிவிக்கப்பட்டுவிட்டது.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். தலைக்கு ஒரே எடை வேண்டும் என்று நாகப்பட்டினத்தைப் பார்த்துச் சொல்கிற நான், அதையே பீகார்க்காரர் என்னைப் பார்த்துச் சொன்னால் என்ன பதில் சொல்வேன்? சிட்லபாக்கம் வீங்கியது பிள்ளைப்பேற்றால் இல்லை. திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் எங்களைப் போல மாம்பலத்திலிருந்தும் வந்து, ஏரியின் கரை வரைக்கும் வீடு கட்டினோம். நாகப்பட்டினத்தின் எண் சிறியதாக இருப்பதற்கு அங்கிருந்து கிளம்பி இங்கே வந்தவர்களும் ஒரு காரணம். தமிழ்நாட்டுக்குள் நான் உத்தரப்பிரதேசம். இந்தியாவுக்குள் நான் நாகப்பட்டினம். கூட்டாட்சி வேறு, மாநிலத்துக்குள் எல்லை வரைவது வேறு என்று சட்டம் படித்த நண்பன் விளக்கினான். மாநிலம் என்பது தலைகளின் கூட்டுத்தொகை மட்டுமில்லை, அது ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு என்றான். ஒத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டின் இடம் ஒன்றுகூடக் குறையக் கூடாது என்பதே என் கட்சியும். ஆனால் அப்பாவின் வகுத்தல் கணக்கும் மண்டையை விட்டுப் போகவில்லை.

நோட்டில் இன்னொரு பக்கம் எனக்கு முக்கியமானது. 2011 அக்டோபர், உள்ளாட்சித் தேர்தல். அடுத்தது 2016 என்று எழுதி, கட்டம் போட்டு, வெறுமையாக விட்டிருக்கிறார். அந்தக் கட்டம் நிரம்பவே இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு நகர்ப்புற உள்ளாட்சிக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19இல்தான். ஐந்து வருடத்துக்கும் மேல் எங்கள் தெருவுக்குக் கவுன்சிலர் என்று ஒருவர் கிடையாது. எம்.பி. உண்டு, எம்.எல்.ஏ. உண்டு, சாக்கடை அடைத்தால் கூப்பிட ஆள் இல்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அப்பா ஏரிக்குப் போகும் கால்வாய் பற்றி ஓர் அலுவலகத்துக்கு மனு மேல் மனு எழுதினார். ஒவ்வொன்றுக்கும் நகல் இருக்கிறது. பதில் ஒன்றே ஒன்றுதான் வந்தது: மனு வேறு பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. தேர்ந்தெடுத்த ஒருவர் இருந்திருந்தால் அவர் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பார். திண்ணைச் சண்டையாவது போட்டிருப்பார். டெல்லியில் நமக்கு எத்தனை நாற்காலி என்பதைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், அந்த ஐந்து வருடத்தைப் பற்றிச் சத்தமே போடவில்லை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

2022இல் தேர்தல் வந்தபோது சிட்லபாக்கம் 70 வார்டு கொண்ட மாநகராட்சியின் ஒரு மூலை. மேயர் பதவி தலித் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, 25 வயதில் வசந்தகுமாரி கமலக்கண்ணன் முதல் மேயர் ஆனார். என்னைவிடச் சின்னவர். அப்பா இருந்திருந்தால் அந்தக் கட்டத்தை எப்படி நிரப்பியிருப்பார் என்று யோசித்தேன். அவர் பெயருக்கு வந்த சிலிப் ஆணியில் தொங்கியது.

பழைய பட்டியல் மூன்றாம் நாள் ராத்திரி கிடைத்தது. நோட்டில் பூத்தின் பள்ளிக்கூடப் பெயர் இருந்ததால் பாகத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது. தெருவாகத் தெருவாக நகர்த்தினேன். போய்ச் சேர்ந்தவர்கள், வீட்டை விற்றவர்கள், அமெரிக்காவில் மகனோடு இருப்பவர்கள், எல்லாரும் வரிசை எண்ணோடு இருந்தார்கள். எங்கள் கதவிலக்கத்தில் அப்பா சரியாக இருந்தார். அடுத்த வரியில் அம்மா. பெயரில் ஓர் எழுத்து இல்லை, பாலினம் 'ஆண்'.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இத்தன நாள் ஆம்பளையாத்தான் ஓட்டுப் போட்டேனா?" என்று சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து அப்படிச் சிரித்தாள். பிறகு அப்பாவின் வரியில் விரலை வைத்து, "இவருக்கு என்னென்ன நம்பர் எழுதணும்?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை.

"சொல்லுடா, கேக்கறேன்ல."

"எழுத வேணாம்மா. அவருக்கு எழுத வேணாம்."

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "தெரியும்" என்றாள். "அந்தப் பொண்ணு சட்டுன்னு கேட்டுடுச்சு. வாயில அதான் வந்துது."

பி.எல்.ஓ. மறுபடி வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மா அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தாள். எங்கள் இரண்டு பேர் படிவத்தையும் நீட்டினேன். அப்பாவுடையதை அம்மாவே எடுத்து, வெற்றாக, மடிப்புக் கலையாமல் கொடுத்தாள்.

"இவர் இல்லம்மா."

"எப்போம்மா?"

"மே மாசம்."

எந்த மே என்று அந்தப் பெண் கேட்கவில்லை. அன்று எத்தனை வீட்டில் இதைக் கேட்டிருப்பாரோ. படிவத்தின் மேல் எதையோ குறித்துக்கொண்டு, "இறப்புச் சான்றிதழ் நகல் இருந்தா குடுங்கண்ணா" என்றார் என்னிடம். கொடுத்தேன். டீயை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் போனார்.

டிசம்பர் 19ஆம் தேதி வரைவுப் பட்டியல் வந்தது. தமிழ்நாட்டில் 97 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் இல்லை. அதில் இறந்தவர்கள் என்று சுமார் 27 லட்சம். மீதியில் பெரும்பகுதி இடம் மாறியவர்கள். அதில் நிஜமாகவே போனவர்கள் எத்தனை, வேலைக்குப் போயிருந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டவர்கள் எத்தனை என்ற சண்டை அன்றே தொடங்கிவிட்டது. எதிர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் தம்பதி அந்த 97 லட்சத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு ஃபாரம் 6 நிரப்ப நான் உதவினேன். வீடு மாறாத எனக்கே பழைய தொகுதியைத் தேட மூன்று நாள் ஆனது. ஆறு வருடத்தில் நாலு வீடு மாறியவர்கள் அவர்கள்.

எங்கள் பாகத்தில் அம்மா இருந்தாள், நான் இருந்தேன். அம்மா இப்போது பெண். தொகுதி 31, தாம்பரம். மக்களவைக்கு 5, ஸ்ரீபெரும்புதூர்.

ராத்திரி சாப்பிட்ட பிறகு அம்மா நோட்டைக் கேட்டாள். பின்பக்கத்திலிருந்து திருப்பி, 2021 வரியைப் பார்த்தாள். 'தாம்பரம். 35 நிமிஷம். கிளவ்ஸ்.'

"இருபத்திரெண்டும் இருபத்திநாலும் இதுல இல்லையே" என்றாள்.

"அவர் இல்லையேம்மா."

"நான் போட்டேன்ல. எழுது."

எவ்வளவு நேரம் நின்றாய் என்று கேட்டேன். இருபத்திரண்டில் கூட்டமே இல்லை, இருபத்திநாலில் வெயில், முக்கால் மணி நேரம், முன்னாடி நின்ற பொண்ணு குடை கொடுத்தது என்றாள். அப்பா போட்ட கட்டத்துக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு இழுத்து எழுதினேன். குடையையும் எழுதச் சொன்னாள்.